வயர் பிய்ந்த போனும் நாற்காலி நுனியும்

எங்கள் வீட்டுப் போனுக்கு ஒரு பூட்டு இருந்தது. விரலை விட்டுச் சுற்றுகிற டயல் போன். அதன் ஓட்டை ஒன்றில் மாட்டுகிற சின்னப் பூட்டு, சுண்டுவிரல் அகலம்கூட இருக்காது. சாவி அப்பாவின் அரைஞாணில் தொங்கும். தேங்காய் மண்டிக்கென்று வாங்கிய போன் அது. காங்கேயத்துக் களத்துக்காரர்களிடம் கொப்பரை விலை கேட்பதற்காக. ஆனால் அதில் தேங்காயைவிடக் கட்சிதான் அதிகம் பேசப்பட்டது. அப்பா அப்போது பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் பேரூராட்சியில் ஒரு வார்டுக்குச் செயலாளர். எந்தக் கட்சி என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் உங்களில் பாதிப் பேர் இந்த இடத்தோடு எழுந்து போய்விடுவீர்கள்.

ஒரு தடவை பில் கட்டாமல் விட்டுவிட்டார். லைனைத் துண்டித்துவிட்டார்கள். அந்த வாரத்தில் ஒரு நாள் காலை, முதியோர் பென்ஷன் மனுவோடு ஒரு பெரியவர் வந்தார். நான் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா மனுவை வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். ரிசீவரை எடுத்தார்.

"ஒன்றியங்களா? வணக்கமுங்க. நம்ம ஆளு ஒருத்தரு வந்திருக்காருங்க. ஆமாங்க. இல்லீங்க, ரொம்பக் கஷ்டப்படறவரு. செரிங்க, செரிங்க. வெச்சர்றனுங்க."

பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒன்றியச் செயலாளரே நேரில் நிற்பதுபோல் அந்தப் போனைப் பார்த்துக் கும்பிட்டார். போனில் உயிர் இல்லை என்பது எனக்கும் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும். பெரியவர் தெருமுனை திரும்பும்வரை இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அப்புறம் அப்பாதான் முதலில் சிரித்தார். வயிறு குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டுச் சொன்னார்: "அரசியல்ல இதெல்லாம் சாதாரணமப்பா."

அந்த வசனம் எங்கிருந்து வந்தது என்று தமிழில் படிக்கத் தெரிந்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன். 1992இல் வந்த 'சூரியன்' படத்தில் கவுண்டமணி பன்னிக்குட்டி ராமசாமி என்கிற அரசியல்வாதி. பெரிய பெரிய ஆட்களோடு பேசுவதாகப் போனில் அளந்துகொண்டிருப்பார். பக்கத்தில் இருப்பவன், அந்தப் போன் வயர் பிய்ந்து ஒரு வாரமாகிறது என்பான். மாட்டிக்கொண்டவன் முகத்தில் ஒரு கூச்சம் வர வேண்டுமே? வராது. அந்த இடத்தில் விழுவதுதான் அந்த ஒற்றை வரி. 'சாதாரணமப்பா'வைச் சிலர் 'சகஜமப்பா' என்று மாற்றிச் சொல்வார்கள். எப்படிச் சொன்னாலும் பல் தெரிந்துவிடும்.

அந்தப் படத்தை நாங்கள் அது வந்து ஒரு வருஷம் கழித்துக் கேபிளில் பார்த்தோம். வீட்டிலேயே அதிகம் சிரித்தவர் அப்பாதான். அன்று காலை அவர் செய்தது படத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டதா, இல்லை படத்துக்கு முன்னாலிருந்தே செய்து வந்ததா என்று நான் கேட்டதில்லை. பின்னதுதான் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். (பெரியவருக்குப் பென்ஷன் கிடைத்தது. எட்டு மாசம் ஆனது. அப்பா டி.வி.எஸ். 50இல் அவரை உட்கார வைத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு நாலு தடவை அலைந்தார். உயிர் இல்லாத போனில் பேசியதும் அவர்தான், அலைந்ததும் அவர்தான். இதை எந்தப் பக்கத்தில் வரவு வைப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.)

சினிமாவில் வருகிற அரசியல் கேலியில் கொஞ்சம் மட்டமானதுதான் எனக்குப் பிடிக்கும். பல வருஷமாக இதை வெளியில் சொல்லக் கூச்சப்பட்டேன். கல்லூரியில் விவரமான நண்பர்கள் வாய்த்தார்கள். அவர்கள் எதிரே கவுண்டமணியைச் சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். நையாண்டி என்றால் அதில் கூர்மை வேண்டும், அரசியல் பார்வை வேண்டும், சிரித்து முடித்ததும் மனசில் ஒரு முள் தைக்க வேண்டும் என்பார்கள். நானும் தலையாட்டுவேன். வீட்டுக்கு வந்து 'அமைதிப்படை' போடுவேன்.

'அமைதிப்படை' 1994இல் வந்தது. இயக்கம் மணிவண்ணன். கோயில் வாசலில் சிதறுகாய் பொறுக்கித் திரிகிற அமாவாசை, நாகராஜ சோழன் எம்.ஏ., எம்.எல்.ஏ. ஆகிற கதை. சத்யராஜ் அமாவாசை. அவனை அரசியலுக்குக் கொண்டுவருகிற ஆளாக மணிவண்ணனே நடித்திருப்பார். தேங்காய் மண்டி வீட்டில் அந்தச் சிதறுகாய்க் காட்சிக்கு விழுந்த சிரிப்பு வேறு எந்த வீட்டிலும் விழுந்திருக்காது. எங்கள் மண்டியில் உரிக்கிற இடத்தைச் சுற்றிச் சில்லு பொறுக்க ஆட்கள் வருவார்கள். அதில் எவன் நாளைக்கு எம்.எல்.ஏ. ஆவான் என்று அப்பா ஆள் ஆளாகக் கைகாட்டுவார்.

அந்தப் படத்தில் ஓட்டு எண்ணுகிற காட்சி ஒன்று இருக்கிறது. எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை. தன்னை நிறுத்திய ஆளுக்குப் பக்கத்தில் அமாவாசை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருப்பான். உட்கார்ந்திருக்கிறான் என்றுகூடச் சொல்ல முடியாது, தொட்டுக்கொண்டிருக்கிறான். உடம்பு முழுக்கக் கும்பிடு. ஒவ்வொரு சுற்றாக ஓட்டு ஏறுவதைச் சொல்லச் சொல்ல, அவன் பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நாற்காலிக்குள் ஏறும். முதுகு சாய்மானத்தைத் தொடும். கை பரவும். கால்மேல் கால் வரும். கூப்பிடுகிற விதத்தில் மரியாதை படிப்படியாகக் கழன்றுகொண்டே போகும். பக்கத்து நாற்காலிக்காரர் அதே வேகத்தில் சுருங்குவார்.

அதிகாரத்தைப் பற்றி எத்தனையோ புத்தகம் எழுதியிருக்கிறார்கள். ஒரு மனிதனின் பிட்டம் நாற்காலியில் எத்தனை அங்குலம் ஏறியிருக்கிறது என்பதை வைத்து அதைக் காட்டியது மணிவண்ணன்தான். மட்டமான நகைச்சுவை என்று நான் சொல்வது இதைத்தான். கருத்தை விட்டுவிட்டு உடம்பைப் பிடித்துக்கொள்ளும். இந்த ஆள் எப்படி உட்காருகிறான், வேட்டியை எப்படித் தூக்குகிறான், போனை எந்தப் பக்கம் சாய்த்துப் பேசுகிறான், அவ்வளவுதான் அதற்கு வேண்டும்.

இன்னொன்று பேச்சு. மணிவண்ணன் சூலூர்க்காரர், சத்யராஜ் கோயம்புத்தூர்க்காரர், கவுண்டமணி உடுமலைப் பக்கம். மூன்று பேரும் எங்கள் ஊர்ப் பேச்சுக்காரர்கள். எங்கள் பக்கம் வாயைத் திறந்தால் 'ங்க' போடாமல் முடியாது. நாயை விரட்டும்போது மட்டும் விட்டுவிடுவோம். ஆனால் அந்த 'ங்க'வை இழுக்கிற இழுப்பில் ஒருத்தனைக் கும்பிடவும் செய்யலாம், செருப்பால் அடிக்கவும் செய்யலாம். "அப்படீங்களா" என்பதற்கு எங்கள் ஊரில் ஏழெட்டு அர்த்தம் உண்டு. அதில் இரண்டு கெட்ட வார்த்தை. வெளியூர்க்காரர்கள் மரியாதையான ஊர் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இந்த மூவரும் அந்த மரியாதையையே ஆயுதமாக வைத்திருந்தார்கள்.

கட்சிக்காரர்களின் பேச்சில் இன்னொரு விசேஷம் உண்டு. அங்கே ஆளுக்குப் பெயர் கிடையாது, எல்லைதான் பெயர். "மாவட்டம் வந்துட்டாரா?", "ஒன்றியம் டீ குடிச்சிட்டாரு", "நகரத்துக்கு மூட்டு வலியாமா". சின்ன வயதில் ஒன்றியத்துக்குச் சர்க்கரை வியாதி என்று கேட்டு நான் ஒன்றியம் முழுக்கவே வியாதி பரவிவிட்டது என்று பயந்திருக்கிறேன். ஒரு மனிதனை அவன் ஆள்கிற நிலத்தின் பெயரால் கூப்பிடுவது ராஜா காலத்துப் பழக்கம். இதைக் கேலி செய்ய வசனகர்த்தா தேவையில்லை. அப்படியே எடுத்து வைத்தால் போதும்.

1996 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. அப்பா வார்டு உறுப்பினருக்கு நின்றார். ஓட்டு எண்ணியது ஒரு பள்ளிக்கூடத்தில். என்னைப் போன்ற பொடிசுகள் காம்பவுண்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில். அப்போதெல்லாம் வாக்குச்சீட்டுதான், கட்டுக் கட்டாக எண்ண வேண்டும். மதியத்துக்கு மேல் உள்ளேயிருந்து ஒருவர் வந்து அப்பா முன்னணி என்றார். கொஞ்ச நேரத்தில் இன்னொருவர் வந்து அப்படியெல்லாம் இல்லை என்றார். சாயங்காலம் அப்பா வெளியே வந்தபோது மடித்துக் கட்டியிருந்த கரைவேட்டியை இறக்கி விட்டிருந்தார். எங்களுக்கு அதிலேயே தெரிந்துவிட்டது. ஜெயித்தவர் அடுத்த தெருக்காரர், அதுவரை அப்பாவை "வாங்ணா, உக்காருங்ணா" என்று வாய் நிறையக் கூப்பிட்டவர். மாலையோடு எங்களைக் கடந்தபோது "என்னங்க, கிளம்பிட்டீங்களா" என்றார். 'ங்க' அப்படியேதான் இருந்தது. 'ணா' மட்டும் காணோம்.

அன்றிரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பத்து மணிக்கு மேல் அப்பா இருட்டில் தனியாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது. அம்மா பயந்துபோய் விளக்கைப் போட்டாள். அப்பா சொன்னார்: "ஒண்ணுமில்ல. அவன் ரெண்டாவது ரவுண்டுலயே சாஞ்சு உக்காந்துட்டாங் கண்ணு. நாம் பாத்துட்டே இருந்தேன்."

எனக்கு அன்றிலிருந்து ஒரு எண்ணம். இந்தக் கேலியை வெளியே நின்று அரசியலை வெறுப்பவன் ரசிப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். அவனும் சிரிப்பான்தான், ஆனால் மேலோட்டமாக. அடிவயிற்றிலிருந்து சிரிப்பவன் உள்ளே இருக்கிறவன். தையல்காரன் சினிமாவில் கதாநாயகன் சட்டைக் காலரைப் பார்ப்பதுபோல, அவன் தொழில் நுணுக்கத்தைப் பார்க்கிறான். கவுண்டமணி ரிசீவரைக் காதில் வைக்கிற கோணம் சரியாக இருக்கிறதே என்று ரசிக்கிறான்.

அதனால்தான் இந்த வகைப் படங்கள் யாரையும் கோபப்படுத்துவதில்லை. நாகராஜ சோழனுக்கு எந்தக் கட்சிக் கொடியும் கிடையாது. ஆளுங்கட்சிக்காரன் பார்த்தால் எதிர்க்கட்சிக்காரன் தெரிவான், எதிர்க்கட்சிக்காரன் பார்த்தால் ஆளுங்கட்சிக்காரன். இன்றைக்கும் பன்னிக்குட்டி ராமசாமி படத்தைப் போட்டு இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் மீமால் அடித்துக்கொள்கிறார்கள். ஒரே படம், ஒரே வசனம். 2018இல் 'சர்கார்' படத்தில் அரசு கொடுத்த மிக்சி மாதிரி இலவசப் பொருளைத் தீயில் தூக்கிப் போடுகிற காட்சி வந்தபோது பார்த்தோமே, தியேட்டர் வாசலில் போராட்டம், கடைசியில் காட்சியையே வெட்டினார்கள். அது சிரிக்க எடுத்த காட்சியே இல்லை, முழு முறைப்போடு எடுத்தது. மிக்சிக்கு முகவரி உண்டு, நாற்காலி நுனிக்குக் கிடையாது.

எப்போதும் இப்படித்தான் இருந்தது என்றும் சொல்ல முடியாது. எம்.ஆர்.ராதா மேடையில் வாய்க்கு வந்ததைப் பேசிய காலத்தில், 1954இல், நாடகங்களைக் கட்டுப்படுத்தவென்றே சென்னை அரசு ஒரு சட்டம் கொண்டு வந்தது. அதற்குக் காரணமே ராதாதான் என்று சொல்வார்கள். அவர் பெயர் சொல்லிப் பேசினார், அன்றைய பேப்பரைப் பார்த்துப் பேசினார். மட்டமான நகைச்சுவை ஆபத்தாக இருந்தது அப்போதுதான். பெயரை எடுத்துவிட்டதும் அது எல்லாருக்கும் செல்லமாகிவிட்டது.

விவரமான நண்பர்கள் சொன்ன கூர்மையான நையாண்டியையும் அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். சோவின் 'முகமது பின் துக்ளக்'. 1968இல் நாடகம், 1971இல் படம். கட்சி மாறி வருகிறவனுக்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி கொடுக்கிற ஐடியா இன்றைக்கும் நாறாமல் இருக்கிறது. அப்பா முழுக்கப் பார்த்தார். "நல்லாப் பேசறாரு" என்றார். சிரிக்கவில்லை. எனக்கும் அதில் ஒரு தூரம் தெரிகிறது. அந்தப் படம் கடைசியில் ஓட்டுப் போடுகிற ஜனங்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறது. நாம் சோவோடு மாடியில் நின்று கீழே பார்க்க வேண்டும். 'அமைதிப்படை' நம்மை அமாவாசைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைக்கிறது. வியர்வை வாடை வரும், ஆனால் நன்றாகத் தெரியும்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று உண்டென்றால் அது 2006இல் வந்த 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி'. ராஜா வெளிநாட்டுக் குளிர்பானத்துக்கு விளம்பரம் செய்வதும், சாதிச் சண்டைக்கென்றே மைதானம் திறந்து வைப்பதும். சிம்புதேவனின் கருத்து, வடிவேலுவின் மீசை. எனக்குக் கருத்து மறந்துவிடுகிறது, மீசை நிற்கிறது.

வடிவேலு விஷயத்தில் ஒன்று பார்த்தேன். 2011 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க.வுக்காக ஊர் ஊராகப் போய் விஜயகாந்தைக் கிண்டலடித்தார். எங்கள் பக்கத்திலும் டி.வி. முன்னால் கூட்டம் கூட்டமாக நின்று சிரித்தார்கள். ஓட்டு எண்ணினால் தே.மு.தி.க.வுக்கு 29, தி.மு.க.வுக்கு 23. விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவர். அதற்கப்புறம் வடிவேலுவைப் பெரிய திரையில் வருஷக்கணக்கில் அபூர்வமாகத்தான் பார்க்க முடிந்தது. சிரித்தவர்கள் பொய்யாகச் சிரிக்கவில்லை. சிரிப்பை ஒரு பையிலும் ஓட்டை ஒரு பையிலும் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

சரி, இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் என் அக்கா என்னை உதைப்பாள். போன வருஷம் தீபாவளிக்கு வந்திருந்தபோது நான் அமைதிப்படையைப் போட்டேன். அவள் ரிமோட்டை வாங்கி அணைத்துவிட்டாள். "உங்களுக்கெல்லாம் அது அரசியல் படம். எனக்கு அது அல்வா படம்" என்றாள்.

அல்வாக் காட்சி தெரியும்தானே, அமாவாசை ஒரு பெண்ணுக்கு அல்வாவைக் கொடுத்து ஏமாற்றுவானே. ஒரு பெண்ணுக்கு நடக்கிற அநியாயத்தைச் சிரிப்பு மாதிரியே எடுத்து, ஊரும் அதைச் சிரிப்பாகவே எடுத்துக்கொண்டது. அக்கா காலேஜுக்குப் பஸ் ஏறிய வருஷங்களில் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பையன்கள் அந்த ஒரு சொல்லை வைத்தே அவளையும் அவள் தோழிகளையும் வீடு வரை விரட்டியிருக்கிறார்கள். இருபத்தைந்து வருஷம் கழித்துத்தான் எனக்குச் சொல்கிறாள். நான் அந்தப் படத்தை அவள் பக்கத்தில் உட்கார்ந்தே எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். கவுண்டமணி செந்திலை உதைக்கிறதும் நிறத்தைச் சொல்லித் திட்டுகிறதும்கூட இப்போது என் பிள்ளைகளோடு பார்க்கும்போது உறுத்துகிறது. உடம்பைப் பிடித்துக்கொள்கிற நகைச்சுவைக்கு எந்த உடம்பு என்று பேதம் கிடையாது. மேலே இருக்கிறவன் அகப்பட்டால் அவனை, அகப்படாவிட்டால் பக்கத்தில் இருக்கிறவளை. இப்போது நான் அந்தக் காட்சிகளை ஓட்டிவிட்டு ஓட்டு எண்ணிக்கைக்குப் போய்விடுகிறேன். இது நேர்மையான வழி இல்லை என்று அக்கா சொல்கிறாள். இல்லைதான்.

2022 பிப்ரவரியில் மறுபடி நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். அப்பாவுக்கு எழுபத்தாறு. இடது கை சரியாக வராது. கட்சியில் இப்போது அவரைக் கேட்டு எதுவும் நடப்பதில்லை, ஆனாலும் ஓட்டுக் கேட்கப் போகிறவன் காலில் விழுந்துவிட்டுப் போவான். அதே பழைய வார்டில் ஒரு பையன் நின்றான். முப்பது வயதுதான் இருக்கும், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். நாமினேஷனுக்கு முந்தைய நாள் வந்தான். பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டேன். நுனியில் உட்கார்ந்தான்.

"நல்லா சாஞ்சு உக்காரு தம்பி" என்றார் அப்பா.

"இருக்கட்டுங் மாமா. உங்க முன்னாடி எப்புடிங் மாமா."

அப்பா என்னைப் பார்த்தார். நான் சட்டென்று காபி கொண்டுவர உள்ளே போய்விட்டேன்.

பையன் ஜெயித்தான். எண்ணிக்கை முடிந்த மறுநாள் சால்வையோடு வந்தான், கூடவே ஐந்தாறு பேர். அப்பாவுக்குப் போர்த்தினான். போட்டோ எடுத்தார்கள். அதே நாற்காலியில் உட்கார்ந்து ரோடு, சாக்கடை, தெருவிளக்கு என்று என்னவெல்லாமோ பேசிக்கொண்டே வந்தான். பேசப் பேசப் பின்னால் போனான். சாய்ந்தான். வலது கால் மெதுவாகக் கிளம்பி இடது தொடைமேல் வந்து உட்கார்ந்தது.

அப்பாவுக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது. இருமுவதுபோல் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். என்னால் முடியவில்லை, சத்தமாகவே சிரித்துவிட்டேன். பையன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான், அப்புறம் குனிந்து தன் காலைப் பார்த்தான். அவனும் அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்தவன்தானே. புரிந்துவிட்டது.

"அட போங் மாமா" என்று அவனும் விழுந்து விழுந்து சிரித்தான். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். காபி ஆறும்வரை சிரித்துக்கொண்டிருந்தோம்.

காலை இறக்கவில்லை.